டாங்கியின் கண்ணுக்கு என்ன நிறம்?

கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் பாதையில் ஜப்பானியர் கட்டிவிட்டுப் போன காங்கிரீட் பதுங்கு அறைகளைப் பார்க்காத அந்தமான் தமிழர் இருக்க முடியாது. 1942 மார்ச் 23-ந் தேதி போர்ட் பிளேரில் இறங்கிய ஜப்பானியப் படை, 1945-ல் யுத்தம் முடியும் வரை இந்தத் தீவுகளை ஆண்டது. அந்தப் படை போய்விட்டது. போர்ட் பிளேருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பதுங்கு அறைகள் மட்டும் கடலைப் பார்த்தபடி அப்படியே நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கனத்த சுவர், அதில் நீளவாக்கில் ஓர் ஒடுக்கமான சந்து. உள்ளே இருந்த சிப்பாய்க்கு உலகம் முழுவதும் அந்தச் சந்துக்குள்தான் இருந்தது. சந்தைப் பெரிதாக்கினால் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் குண்டும் நன்றாக உள்ளே வரும். சிறிதாக்கினால் குண்டு வராது. எதிரி வருவதும் தெரியாது.

டாங்கி என்பது சங்கிலிப் பட்டையில் ஓடும் பதுங்கு அறை. அதே சங்கடம் அதற்கும் உண்டு. நான்கு பக்கமும் இரும்பால் மூடிய வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் எப்படி வெளியே பார்க்கிறார்?

குடியரசு தின அணிவகுப்பை டெலிவிஷனில் பார்க்கும் உங்கள் வீட்டுப் பையன் ஒருநாள் இதைக் கேட்பான். அவனிடம் ஒரு மாதிரி டாங்கி இருந்தால் அதில் இருக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிகளுக்கு வான நீல நிறம் பூசப்பட்டிருக்கலாம். பொம்மைக் கடைக்காரரும் அப்படித்தான் பூசுகிறார், படம் வரைகிறவரும் அப்படித்தான் வரைகிறார். உண்மையான டாங்கியின் கண் வான நீலம் அல்ல. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மாதிரி டாங்கி செய்யும் பொழுதுபோக்கில் பாதி ரகசியம் கைக்கு வந்துவிடும். இரும்புக்குள் இருக்கும் மனிதரின் பாடும் புரியும்.

வெறும் துளையில் தொடங்கிய கதை

1916 செப்டம்பர் 15-ந் தேதி பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் ஆங்கிலேயர் முதன்முதலாக டாங்கியை ஓட்டினார்கள். அதன் பார்வைச் சந்துகளில் வைத்த கண்ணாடி, குண்டு பட்டதும் சிதறிக் கண்ணில் பாய்ந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, சிறு துளைகள் இட்ட இரும்புத் தகட்டை வைத்தார்கள்.

அப்போதும் ஆபத்து தீரவில்லை. துப்பாக்கிக் குண்டு தகட்டில் மோதி நொறுங்கும்போது, அதன் ஈயம் உருகிய துளிகளாகத் துளை வழியே உள்ளே தெறித்தது. அதனால் டாங்கி ஓட்டிகள் தோலால் செய்த முகமூடி அணிந்தார்கள். வாயை மறைக்க இரும்பு வளையங்களால் கோத்த திரை அதிலிருந்து தொங்கியது. பார்ப்பதற்காகக் கண்ணையே பணயம் வைத்த காலம் அது.

இதற்கு இரண்டு வழிகளில் விடை கண்டார்கள்.

முதல் வழி, தடித்த அடுக்குக் கண்ணாடி. பல கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, செங்கல் மாதிரி ஒரு கட்டியாக்கி, சந்துக்குள் செருகுவது. குண்டு பட்டால் வெளி அடுக்கு நட்சத்திரம் போல விரியும். உள் அடுக்கு தாங்கும். உடைந்த கட்டியை உள்ளிருந்தபடியே கழற்றி வேறொன்றைப் போடலாம். இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் வந்த அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளில், தளபதியின் தலைக்கு மேலே உள்ள மூடியைச் சுற்றி இப்படி 6 கண்ணாடிக் கட்டிகள் வைத்தார்கள். இதில் ஒரே ஒரு குறை. பார்ப்பவர் கண்ணும் கண்ணாடியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்.

இரண்டாவது வழி, பெரிஸ்கோப்.

பற்பசைப் பெட்டியில் ஒரு பாடம்

நீர்மூழ்கிக் கப்பலில் பெரிஸ்கோப் இருப்பது கடற்படை ஊரில் வாழும் நமக்குப் புதிதல்ல. டாங்கியில் உள்ளதும் அதன் தம்பிதான். உயரம் மட்டும் குறைவு.

ஒரு பெரிய பற்பசைப் பெட்டி, இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகள் போதும். பெட்டியின் மேல் முனையில் ஒரு கண்ணாடியை 45 பாகை சாய்த்து ஒட்டுங்கள். கீழ் முனையில் இன்னொன்றை அதற்கு எதிர்முகமாக, அதே சாய்வில் ஒட்டுங்கள். கண்ணாடிகளுக்கு நேரே ஒவ்வொரு ஜன்னல் வெட்டுங்கள். இப்போது ஜன்னல் திண்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே தெருவைப் பார்க்கலாம். ஒளி மேலே நுழைகிறது, கீழே திரும்புகிறது, மீண்டும் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது.

டாங்கியில் கண்ணாடித் துண்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் முப்பட்டகம் வைக்கிறார்கள். கண்ணாடிக்குள் செல்லும் ஒளி சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து பக்கத்தில் பட்டால் வெளியே போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்பும். 45 பாகை அதைவிட அதிகம். ஆகவே ரசம் பூசாமலே முப்பட்டகம் நல்ல முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. குண்டு வந்தால் மேல் தலைதான் உடையும். கண் அதற்குக் கீழே, இரும்பின் மறைவில் பத்திரமாக இருக்கும்.

இதிலும் ஒரு தொல்லை இருந்தது. முன்னால் பார்க்கும் தளபதி பின்னால் பார்க்க வேண்டுமானால் அந்த நெருக்கடியில் உடம்பையே திருப்ப வேண்டும். போலந்து நாட்டு எஞ்சினீயரான ருடோல்ப் குண்ட்லாக், இன்னொரு முப்பட்டகத்தைச் சேர்த்து, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் பின்பக்கமும் பார்க்கும்படி செய்தார். 1936-ல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யரும் அமெரிக்கரும் அதே முறையைப் பின்பற்றினார்கள். தாய்நாட்டை 1939-ல் எதிரி பிடித்துக்கொண்டான். ஆனால் அவர் கண்டுபிடித்த கண் வழியாகப் பல நாட்டுச் சிப்பாய்கள் யுத்தம் முடியும் வரை பார்த்தார்கள்.

கரும்புத் தோட்டத்தில் குருடான டாங்கிகள்

இவ்வளவு செய்தும் மூடிய டாங்கியின் பார்வை சிறியதுதான். பக்கத்தில் என்ன நிற்கிறது என்பது தெரியாத இடங்கள் அதைச் சுற்றிலும் உண்டு. இந்த ஒரு குறை என்ன செய்யும் என்பதை 1965 செப்டம்பரில் பஞ்சாபில் உலகமே பார்த்தது.

கேம்கரன் பகுதியில், அசல் உத்தர் கிராமத்தை நோக்கிப் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் வந்தன. அன்றைக்கு அவை நவீனமானவை. நம்மவர்களிடம் ஷெர்மன் போன்ற பழைய டாங்கிகளும் செஞ்சூரியன்களும் இருந்தன. வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வளர்ந்து நின்ற கரும்புத் தோட்டங்களுக்குள் நம் டாங்கிகளும் பீரங்கிகளும் மறைந்தன. சேற்றில் திணறிய பாட்டனுக்குள் இருந்தவர்களுக்குக் கண்ணாடி முழுவதும் கரும்புத் தோகைதான் தெரிந்தது. ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் மறைந்திருந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, பாட்டன்களை அருகே வரவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு வீழ்த்தினார். செப்டம்பர் 10-ந் தேதி அவர் வீர மரணம் அடைந்தார். பரம வீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

பார்வை போதாது என்பதால்தான் டாங்கித் தளபதிகள் பலர் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடி சண்டையிடுகிறார்கள். தலையை நீட்டினால் களம் தெரிகிறது. ஆனால் தலைக்கே ஆபத்து. 1973-ல் நடந்த அரபு - இஸ்ரேல் யுத்தத்தில் இஸ்ரேலியத் தளபதிகள் பலர் இப்படியே உயிரிழந்தார்கள்.

1971 டிசம்பர் 16-ந் தேதி பசந்தர் ஆற்றுப் போரில் 21 வயதான செகண்ட் லெப்டினென்ட் அருண் கேதர்பால் தன் செஞ்சூரியன் தீப்பிடித்த பிறகும் அதைவிட்டு இறங்க மறுத்துச் சண்டையிட்டு உயிர்நீத்தார். அவருக்கும் பரம வீர் சக்கரம் கிடைத்தது. 'பாமகுஸ்தா' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த டாங்கியைச் செப்பனிட்டு, மராட்டிய மாநிலம் அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) உள்ள ராணுவக் கவசப் படைப் பயிற்சி நிலையத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மாதிரி டாங்கியில் அரிசி அளவு இருக்கும் கண்ணாடி, இப்படிப்பட்ட ஒருவர் கடைசியாக உலகத்தைப் பார்த்த ஜன்னல். அதைக் கவனித்து வர்ணம் பூசுவதில் அர்த்தம் உண்டு.

ஆவடியில் பிறந்த டாங்கிகள்

நம் தமிழ் வாசகர்களுக்கு இதில் தனிப் பெருமையும் இருக்கிறது. இந்தியாவில் டாங்கி செய்யும் ஊர் என்றால் அது ஆவடிதான். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் 'விஜயந்தா' வெளிவந்தது. வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. கை நம் ஊர்த் தொழிலாளியின் கை. தளபதி, குறி பார்ப்பவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர் என்று அதில் 4 பேர். பிற்பாடு டி-72, டி-90 ரக டாங்கிகளும் அங்கே உருவாயின. விஜயந்தா ஓய்வு பெற்றுவிட்டது.

'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்த ஆராய்ச்சி நிலையமும் ஆவடியில்தான் இருக்கிறது. அர்ஜுனின் புதிய வடிவமான மார்க் 1ஏ, 2021 பிப்ரவரி 14-ந் தேதி சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பழைய ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் தனித்தனி அரசுக் கம்பெனிகளாகப் பிரிந்தன. ஆவடித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் வந்தது. டாங்கிக்கான குறிபார்க்கும் கருவிகள், பெரிஸ்கோப்புகள் போன்றவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு டேராடூன் தலைமையிடம் ஆயிற்று. உடம்பு ஆவடியில், கண் டேராடூனில் என்று சொல்லலாம்.

சரி, நிறம் என்ன?

சாத்தாம் படகுத்துறையில் பாம்பூ பிளாட் போகும் படகுக்காகக் காத்திருக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். உச்சி வெயிலில் படகோட்டியின் அறைக் கண்ணாடியைத் தூரத்திலிருந்து பாருங்கள். கறுப்பாகத் தெரியும். கண்ணாடி கறுப்பு என்பதால் அல்ல. வெளியே வெயில், உள்ளே நிழல் என்பதால். படகு திரும்பும்போது அதே கண்ணாடியில் வானம் விழும். ஒரு கணம் பளிச்சென்று வெள்ளையாகவோ நீலமாகவோ மின்னும். படகு இன்னும் திரும்பினால் மீண்டும் கறுப்பு.

டாங்கியின் கண்ணாடிக்கும் இதே விதிதான். உள்ளே கும்மிருட்டு. ஆகவே அதன் அடிப்படை நிறம் கறுப்பு. வானத்தின் நீலம் அதன்மேல் வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளியை வீட்டுக்காரனாக்குவதுதான் வான நீலம் பூசுகிறவர்கள் செய்கிற தவறு.

கறுப்புக்குள் ஒரு பச்சையும் ஒளிந்திருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடித் தகட்டின் விளிம்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பக்கம் நிறமே இல்லை. விளிம்பில் கடல் பச்சை. கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்புச் சத்தே காரணம். கண்ணாடி தடிக்கத் தடிக்க அந்தப் பச்சை கூடும். பெரிஸ்கோப்பும் கண்ணாடிக் கட்டியும் மிகத் தடித்தவை. எனவே கறுப்பு, அதற்குள் ஆழத்தில் கரும்பச்சை, மேலே எங்கோ ஒரு மூலையில் வானத்தின் சாயல். இவ்வளவுதான் சூத்திரம்.

அரிசி அளவு ஜன்னல்

மாதிரி டாங்கிகளில் உலகெங்கும் பெயர் பெற்ற அளவு, 35-ல் ஒன்று. ஜப்பானின் டாமியா கம்பெனி 1960-களில் மோட்டார் வைத்து ஓடும் டாங்கி செய்தபோது, உள்ளே பாட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இந்த அளவில் சராசரி உயரமுள்ள மனிதர் 5 சென்டிமீட்டர் உயரம் இருப்பார். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிஸ்கோப் ஜன்னல் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது ஒரு பொன்னி அரிசி. 72-ல் ஒன்று என்ற சிறிய அளவை எடுத்துக்கொண்டால் அதே ஜன்னல் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.

செஞ்சூரியன், பாட்டன், ஷெர்மன், டி-72, டி-90 ஆகியவற்றின் மாதிரிகள் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. விலை கொஞ்சம் அதிகம்தான். முதல் முயற்சிக்குச் சிறிய அளவு ஒன்றே போதும். கை பழகட்டும்.

வேலையின் வரிசை இது:

முதலில் டாங்கியின் உடம்புக்கு வர்ணம் பூசி, தூசி, துரு எல்லாம் காட்டி, மங்கல் வார்னிஷ் அடித்து முடித்துவிடுங்கள். கண்ணாடி வேலை கடைசியில்தான். முன்னாலேயே கண்ணாடியைச் செய்தால் மங்கல் வார்னிஷ் அதன் பளபளப்பைக் கொன்றுவிடும். எத்தனையோ பேர் உழைப்பு இந்த இடத்தில்தான் வீணாகிறது.

இரண்டாவது, கண்ணாடி இருக்கும் இடம் முழுவதும் கறுப்பு. மிக மெல்லிய பிரஷ் வேண்டும். பெயிண்டைத் தண்ணீராகக் கலக்கி, இரண்டு தடவை மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் ஓரம் புடைத்துக்கொள்ளும். கூட்டின் உள்பக்கச் சுவருக்கும் கறுப்பே பூசினால் பளபளப்பில் வேறு நிறம் தெரியாது.

மூன்றாவது, கறுப்புடன் பச்சையும் ஒரு துளி நீலமும் கலந்து, ஜன்னலின் நடுவில் மட்டும் தடவுங்கள். ஓரங்களில் கறுப்பு தெரிய வேண்டும். அதுதான் ஆழம் காட்டும்.

நான்காவது, வானத்தின் சாயல். மேல் விளிம்பிலோ ஒரு மூலையிலோ மயிரிழை போல ஒரு சாம்பல் நீலக் கோடு. எல்லா ஜன்னலிலும் ஒரே இடத்தில் போடாதீர்கள். தளபதியின் மூடியைச் சுற்றியுள்ள கண்ணாடிகள் வெவ்வேறு திசையைப் பார்க்கின்றன; ஒன்றில் வானம் விழுந்தால் எதிர்ப்பக்கம் உள்ளதில் நிழல் விழும். இரண்டு ஜன்னலில் கோடே இல்லாமல் விட்டாலும் தப்பில்லை.

ஐந்தாவது, பளபளப்பு. தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை ஒரு சொட்டு, பல்குத்தும் குச்சியின் முனையில் எடுத்து வையுங்கள், தானே பரவிக்கொள்ளும். நகப்பூச்சு கைவசம் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள திரவம் அடியில் உள்ள பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். வெள்ளைப் பசை காய்ந்தால் தெளிவாகிவிடும் என்பது உண்மை; ஆனால் ஈரம் பட்டால் மறுபடி பால் போல வெளுத்துவிடும். நம் தீவுக்கு அது சரிப்படாது.

கடைசியாக, கண்ணாடியைச் சுற்றி இரப்பர் விளிம்பு இருந்தால் அதற்குக் கருஞ்சாம்பல். தூசி படிந்த டாங்கியாகச் செய்தாலும் கண்ணாடியை மட்டும் துடைத்த மாதிரி வையுங்கள். எந்தச் சிப்பாயும் டாங்கியைக் கழுவாமல் இருப்பான். கண்ணாடியைத் துடைக்காமல் இருக்க மாட்டான். துடைத்த இடத்துக்கு வெளியே மூலைகளில் மட்டும் கொஞ்சம் மண் இருக்கலாம்.

காலம் மாறினால் நிறமும் மாறும்

புதிய டாங்கிகளின் படங்களில் சில கண்ணாடிகள் ஆரஞ்சு, செம்பு, ஊதா நிறத்தில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். லேசர் ஒளி கண்ணைப் பறித்துவிடாமல் தடுக்கும் பூச்சு அது. இதைப் பார்த்துவிட்டுப் பழைய டாங்கிக்கும் அதே நிறம் பூசுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், சரித்திரம் தப்பாகிவிடும். உலகில் முதல் லேசரே 1960-ல்தான் இயங்கியது. அதன் கெடுதலிலிருந்து கண்ணைக் காக்க வேண்டிய நிலைமை டாங்கிகளுக்கு அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. 1965-ல் நின்ற ஷெர்மனுக்கும் 1971-ல் எரிந்த செஞ்சூரியனுக்கும் கறுப்பும் கரும்பச்சையும்தான் பொருத்தம்.

இரவில் பார்க்கும் கருவிகளுக்கு வேறு கணக்கு. டி-72-ன் பீரங்கி அருகே ஒரு பெரிய வட்ட விளக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் வெளியே விடும் வடிகட்டி அதன் முகத்தில் இருக்கும். அது பார்வைக்கு ஏறத்தாழ கறுப்பு. உற்றுப் பார்த்தால் கருஞ்சிவப்பு. அதை வெள்ளை விளக்காகப் பூசக் கூடாது.

உடம்புச் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் படமாக்கும் நவீனக் கருவிகளின் ஜன்னல் கண்ணாடியே அல்ல. சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது. அதனால் ஜெர்மேனியம் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வழியே நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மெருகேற்றிய உலோகம் போல இருக்கும். அதற்குக் கருஞ்சாம்பலில் ஒரு பளபளப்பு போதும். பச்சை ஆழம் தேவையில்லை.

ஆகவே பிரஷை எடுக்கும் முன் இரண்டு கேள்வி: இது எந்த வருஷத்து டாங்கி? இந்த ஜன்னலில் பார்ப்பது மனிதக் கண்ணா, கருவியா? விடை தெரிந்தால் நிறம் தானே வரும்.

நம் தீவின் ஈரம்

மாதிரி டாங்கி பற்றி வரும் புத்தகங்கள் குளிர்தேசத்தில் எழுதப்படுகின்றன. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. காமிரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். லென்சில் பூஞ்சை பூப்பது இங்கே எவ்வளவு சாதாரணம் என்று சொல்வார்கள்.

ராணுவத்துக்கும் இதே கவலை உண்டு. நுட்பமான குறிபார்க்கும் கருவிகள் பலவற்றில் ஈரக் காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி அடைக்கிறார்கள். பழைய அடுக்குக் கண்ணாடிக் கட்டிகளில் ஒட்டு விட்டுப்போய், ஓரங்கள் மஞ்சளாகவோ பால் நிறமாகவோ மாறிவிடுவதும் உண்டு. கைவிடப்பட்ட டாங்கி ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஓரத்தில் அந்தப் பால் நிறத்தைக் காட்டினால் அசல் போலவே இருக்கும்.

நம் வேலைக்கும் ஈரம் எதிரி. மழை நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் படியும். வார்னிஷில் உள்ள திரவம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாக இறங்குகிறது. ஆகவே வெயில் ஏறிய நேரத்தில் பிரஷால் பூசுவதே நல்லது. பூசியதைக் காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் வைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அதில் போட்டுவிடுங்கள். தூசியும் விழாது, ஈரமும் அண்டாது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே முழுதாக ஒரு நாள் விடுங்கள். சென்னையில் ஒரு மணியில் காய்வது இங்கே மறுநாள்தான் காயும்.

பொழுது போக மட்டுமா?

ஆபீஸ் முடிந்து வந்தால் அறையில் தனிமை. குடும்பம் ஊரில், கப்பல் டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மாலையில் சீட்டும் குடியும் கூப்பிடுகின்றன. இப்படி வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு மேஜை, ஒரு விளக்கு, ஒரு மெல்லிய பிரஷ் என்று மாலை நேரத்தைக் கழிக்க இது கண்ணியமான வழி. ஒரு டாங்கிக்கு ஒரு மாதம் ஆகலாம். அந்த மாதத்தில் கை நடுங்காமல் இருக்கவும், அவசரப்படாமல் இருக்கவும், பார்த்ததை மட்டும் பூசவும் பழகிவிடும். குடும்பத்தோடு இருப்பவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முப்பட்டகமும் முழு அக எதிரொளிப்பும் பரீட்சைக்குப் படிக்கிற வரியாக இல்லாமல், விரல் நுனியில் வந்து நிற்கும்.

பிள்ளைக்கு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாங்கி என்றதும் எல்லோரும் பீரங்கியைத்தான் பார்க்கிறார்கள். அதன் நீளத்தையும் அது எவ்வளவு தூரம் சுடும் என்பதையும் பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவருக்கு உலகம் என்பது உள்ளங்கை அகல ஒரு கண்ணாடி. எதிரே வருவது பகைவனா, வழி தவறி வந்த விவசாயியா என்பதை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். வான நீலம் பூசினால் அது வெறும் அலங்காரம். கறுப்பும் ஆழமும் சரியாக வந்துவிட்டால் பார்க்கிறவருக்கு உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரியும்.